ஊட்டி உறைபனியில் காரின் வாஷர் ஏன் மக்கர் பண்ணுகிறது? பூம்புகார் உப்புத் தண்ணீருக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

மார்கழி, தை மாதங்களில் நாளிதழ்களில் தவறாமல் வரும் ஒரு படம் உண்டு. ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தா புல்வெளி, உப்பைக் கொட்டியதுபோல வெள்ளையாகக் கிடக்கும். ஓரமாக நிற்கும் காரின் கூரையில் படிந்த உறைபனி மேல் யாரோ விரலால் பெயர் எழுதிக்கொண்டிருப்பார்கள். பார்க்க அழகான படம்தான். ஆனால், அந்தக் காரை ஓட்ட வேண்டியவருக்கு அடுத்த பத்து நிமிடங்கள் அவ்வளவு அழகாக இருக்காது. முன்பக்கக் கண்ணாடியைக் கழுவலாம் என்று ஸ்டியரிங் பக்கத்து லீவரை இழுத்தால் தண்ணீர் வராது. வைப்பர் மட்டும் காய்ந்த கண்ணாடியில் கரகரவென்று தேய்க்கும். எதிரே மலைப்பாதை, கண்ணுக்கு நேரே காலை வெயில், நடுவில் அழுக்குப் படலம்.

அந்தக் கார் பூம்புகாரிலிருந்தோ சீர்காழியிலிருந்தோ பொங்கல் லீவுக்கு வந்ததாக இருந்தால், பழியை முழுக்கப் பனி மேல் போட முடியாது. ஊரைவிட்டுக் கிளம்பும்போதே அதன் வாஷர் பாதி அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். கடலோர டெல்டாவின் போர் தண்ணீர் பாதியை முடித்து வைக்கிறது, மீதியை மலைக் குளிர் பார்த்துக்கொள்கிறது.

இணையத்தில் இதற்குக் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை கனடா, பிரிட்டன் போன்ற குளிர் நாடுகளுக்காக எழுதப்பட்டவை. அங்கே உறைவது ஒன்றுதான் பெரிய பிரச்சினை. இங்கே கதை வேறு.

வாஷர் எப்படி வேலை செய்கிறது?

ரொம்ப எளிமையான அமைப்பு. பானெட்டுக்குக் கீழே இரண்டு முதல் ஐந்து லிட்டர் வரை பிடிக்கும் பிளாஸ்டிக் டேங்க். அதன் அடியில் சிறிய 12 வோல்ட் மோட்டார் பம்ப். அங்கிருந்து விரலைவிட மெல்லிய ரப்பர் ஹோஸ் பானெட்டின் அடிப்பக்கமாக ஓடி, கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் ஜெட்டில் போய் முடியும். பல கார்களில் நடுவில் ஒரு வால்வும் இருக்கும். தண்ணீர் திரும்ப டேங்குக்கே இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை.

ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டர் அளவுகூட இருக்காது. தலைவலி எல்லாம் இந்தத் துளையில்தான்.

பழைய மாடல்களில் தண்ணீர் ஒரே கோடாகப் பீய்ச்சும். உள்ளே சின்ன உருண்டை இருக்கும், குண்டூசியால் திருப்பித் திசையைச் சரிசெய்யலாம். புதிய மாடல்கள் பலவற்றில் விசிறிபோலச் சாரலாக விழும். இந்த இரண்டு வகைக்கும் பழுது பார்க்கும் முறை வேறு என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஊட்டியில் மைனஸ் போகாத நாளிலும் ஜெட் உறைவது ஏன்?

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி என்று சீசன் போகும். தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி போன்ற பள்ளமான இடங்களில்தான் தாக்கம் அதிகம். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் இறங்கி அங்கே போய்த் தேங்கும்.

மொபைலில் ‘3 டிகிரி’ என்று காட்டும்போதே கார் கண்ணாடியில் ஐஸ் கட்டியிருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள். மேகமில்லாத இரவில் தரை, புல், காரின் கூரை, பானெட் எல்லாம் தங்கள் வெப்பத்தை நேராக வானத்தை நோக்கி இழந்துகொண்டே இருக்கும். அதனால் அவற்றின் மேற்பரப்பு, சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். காற்று 3 டிகிரியில் இருக்க, பானெட் பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கலாம். ஜெட் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் அந்தப் பானெட்டின் மேல்தான். அதற்குள் இருப்பதோ சில சொட்டுத் தண்ணீர். டேங்கில் உள்ள லிட்டர் கணக்கான தண்ணீர் குளிர நேரம் எடுக்கும். சில சொட்டு உறைய அதிக நேரம் வேண்டாம்.

ஆக, ஊட்டியில் ஒரே இரவில் டேங்க் முழுக்கப் பாறையாக உறைவது அபூர்வம். ஜெட்டும் ஹோஸின் கடைசிப் பகுதியும்தான் உறையும். லடாக், லாஹௌல் பக்கம் குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு நிலைமை வேறு. தண்ணீர் உறையும்போது கொள்ளளவு சுமார் 9 சதவீதம் கூடும் என்பதால், அங்கே டேங்கும் பம்பும் விரிசல் விடும் அபாயம் உண்டு. இலங்கையின் மலையகத்தில், நுவரெலியாவில் ஆண்டுத் தொடக்கத்தில் விழும் துகள் உறைபனி ஊட்டியின் ரகம்.

உப்புத் தண்ணீர் சீக்கிரம் உறையாதே. அப்படியானால் நல்லதுதானே?

பள்ளியில் படித்தது சரிதான். உப்பு கலந்தால் உறைநிலை இறங்கும். ஆனால் எவ்வளவு உப்புக்கு எவ்வளவு இறக்கம் என்று கணக்குப் போட்டால் ஆசை போய்விடும்.

லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்புள்ள கடல் தண்ணீரே மைனஸ் 2 டிகிரிக்குள் உறைந்துவிடும். வாயில் வைக்கவே முடியாத, லிட்டருக்கு 3 கிராம் உப்புள்ள போர் தண்ணீர் என்றால் உறைநிலை இறங்குவது 0.2 டிகிரிகூட இல்லை. தலைகுந்தாவின் ஒரு விடியற்காலைக்கு இது எந்த வகையிலும் போதாது.

பாதுகாப்பு இவ்வளவுதான். சேதமோ பெரிது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) டிடிஎஸ் எனப்படும் மொத்தக் கரைபொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு தண்ணீரே இல்லாத இடங்களில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. அந்த 2,000 அளவுள்ள தண்ணீரை இரண்டு லிட்டர் டேங்கில் ஊற்றினால் உள்ளே போவது 4 கிராம் உப்பும் சுண்ணாம்பும். கிட்டத்தட்ட முக்கால் டீஸ்பூன். லீவரை ஒவ்வொரு முறை விடும்போதும் ஜெட்டின் வாயில் ஒரு சொட்டு நின்று காயும். தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். சித்திரை வெயிலில் நிற்கும் காரில் இது ஒரே நாளில் பல முறை நடக்கும். வீட்டில் ஷவர் துளைகள் வெள்ளை பூத்து ஒவ்வொன்றாக அடைபடுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஷவரில் ஐம்பது துளை இருக்கும். இங்கே இருப்பது இரண்டோ நாலோ.

இப்படிப் பாதி சுருங்கிய துளையோடு மலை ஏறினால், அங்கே உறைவதற்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் போதும். வெயில் வந்து ஐஸ் உருகின பிறகும் தண்ணீர் சரியாக வராது. ‘பனியில் ஜெட் போயிடுச்சு’ என்று ஊருக்கு வந்து சொல்வார்கள். ஜெட் போனது மலைக்குப் போவதற்கு முன்பே.

பூம்புகார் பக்கம் தண்ணீர் ஏன் இப்படி?

காவிரி கடலில் கலக்கும் இடம் அது. ஆனால் அங்கு வந்து சேரும் காவிரி சின்னது. கிளை கிளையாகப் பிரிந்து வயலுக்குப் போனது போக மிச்சம்தான் சங்கமத்துக்கு வரும். ஆற்றில் நல்ல தண்ணீர் ஓடும் மாதங்கள் போக மீதிக் காலத்தில் கடல் நீர் முகத்துவாரம் வழியாக உள்ளே ஏறும். கொஞ்சம் வடக்கே கொள்ளிடத்திலும் இதே பிரச்சினைதான். நிலத்தடியில் நன்னீரை அளவுக்கு மீறி எடுக்கும்போது அந்த இடத்துக்கு உப்பு நீர் நகர்ந்து வரும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலோரக் கிணறுகளிலும் வயல்களிலும் கடல் நீர் புகுந்தது. இறால் பண்ணைகளுக்கு எதிரான வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பிலேயே, கடலோரக் கிராமங்களின் நிலத்தடி நீர் உப்பாவது பேசப்பட்டிருக்கிறது. கார் வாஷர் என்பது இந்தப் பெரிய பிரச்சினையின் ரொம்பச் சின்ன ஓரம். குடிக்கவும் பயிருக்கும் நல்ல தண்ணீர் தேடும் ஊரில் வாஷர் டேங்கைப் பற்றி யார் யோசிப்பார்கள் என்பது நியாயமான கேள்விதான்.

ஆனாலும் வாஷர் அதிகம் தேவைப்படுவதும் அதே ஊரில்தான். பூம்புகார் கடற்கரையில், சிலப்பதிகாரக் கலைக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் காரை நிறுத்தினால் போதும், கண்ணாடியில் உப்புப் படலம் ஏறிவிடும். தண்ணீர் இல்லாமல் வைப்பர் போட்டால் அது பாலைத் தடவியதுபோலப் பரவும். தையில் சம்பா அறுவடை வந்தால் டிராக்டர்கள் ரோட்டில் விட்டுப்போகும் சேறு, வைக்கோல் தூசி, விடியற்காலை மூடுபனி. இருட்டில் எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் அந்தப் படலத்தில் பட்டுச் சிதறும் ஓரிரு நொடிகள் எதுவுமே தெரியாது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்குக் கார் கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடும்.

அறுவடைக் காலத்தின் இன்னொரு விருந்தாளி எலி. பானெட்டுக்குள் புகுந்து வயரைக் கடிப்பதுபோல வாஷர் ஹோஸையும் கடிக்கும். மோட்டார் சத்தம் கேட்டும் கண்ணாடிக்குத் தண்ணீர் வராமல், காருக்கு அடியில் சொட்டினால் சந்தேகப்பட வேண்டியது பனியையும் அல்ல, உப்பையும் அல்ல.

காலையில் தண்ணீர் வரவில்லை. முதலில் செய்யக்கூடாதது என்ன?

கொதிக்கும் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றக்கூடாது. ஊட்டி லாட்ஜ் வாசல்களில் காலையில் சாதாரணமாக நடப்பது இது. உறைந்த கண்ணாடியின் ஒரு பகுதி மட்டும் திடீரென்று சூடாகி விரிந்தால், ஏற்கெனவே கல் பட்ட சின்னக் கீறல் முழு நீள விரிசலாக ஓடிவிடும்.

லீவரைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பதும் தப்பு. பம்புக்குள் ஐஸ் இருந்தால் மோட்டார் சுற்ற முடியாமல் சூடாகும், ஃப்யூஸ் போகும், சில சமயம் மோட்டாரே போய்விடும். வைப்பர் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும்போது அதை ஆன் செய்தால் ரப்பர் கிழியும்.

என்ஜினை ஆன் செய்து, முன்கண்ணாடிக்குச் சூடான காற்று போகும்படி வைத்துவிட்டு, வெயில் படும் இடத்தில் காத்திருப்பதுதான் பாதுகாப்பான வழி. மூடிய ஷெட்டுக்குள் இதைச் செய்யக்கூடாது, புகை ஆளைக் கொல்லும். அவசரம் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஜெட்டின் மேல் ஒரு நிமிடம் வைக்கலாம். கண்ணாடியில் இருக்கும் ஐஸைப் பழைய பிளாஸ்டிக் கார்டால் சுரண்டலாம். முதல் நாள் இரவே கண்ணாடியை அட்டையாலோ கனமான துணியாலோ மூடி, வைப்பரைத் தூக்கி நிறுத்தி வைத்திருந்தால் இந்தப் பாடெல்லாம் பாதி மிச்சம்.

அடைப்பா, உறைவா, மோட்டாரா? எப்படிக் கண்டுபிடிப்பது?

காதைத்தான் நம்ப வேண்டும். லீவரை இழுக்கும்போது ‘ங்ஙீ’ என்ற மோட்டார் சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் ஃப்யூஸ், வயர், மோட்டார் என்று பார்க்க வேண்டிய வேலை. அது மெக்கானிக் சமாச்சாரம்.

சத்தம் வருகிறது, டேங்கிலும் தண்ணீர் இருக்கிறது என்றால் பானெட்டைத் திறந்து ஜெட்டுக்கு வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு ஒருவரை லீவரை இழுக்கச் சொல்லலாம். ஹோஸிலிருந்து தண்ணீர் நன்றாகப் பீய்ச்சினால் குற்றவாளி ஜெட். ஹோஸிலேயே வரவில்லை என்றால் ஹோஸ் மடங்கியிருக்கலாம், உறைந்திருக்கலாம், வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது டேங்க் அடியில் பாசி சேர்ந்து பம்பின் வாயை மூடியிருக்கலாம்.

ஜெட் அடைப்புக்கு நம் ஊர்க் கைவைத்தியம் குண்டூசி. உருண்டை உள்ள பழைய வகைக்கு அது ஓரளவு சரி. சாரல் வகை ஜெட்டில் ஊசி விட்டால் உள்ளே இருக்கும் நுண்ணிய பாதை கெட்டுவிடும், பிறகு சாரல் ஒழுங்காக விழாது. ஊசி பெரும்பாலும் உப்புக்கட்டியை வெளியே எடுப்பதும் இல்லை, உள்ளே தள்ளுகிறது. நாலு நாளில் மறுபடி அடைக்கும்.

ஜெட்டைக் கழற்றி, வெள்ளை வினிகரில் அரை மணி நேரம் ஊறவைப்பது நல்ல வழி. பல மாடல்களில் பானெட்டின் அடிப்பக்கம் கிளிப்பை அழுத்தினால் ஜெட் கையோடு வந்துவிடும். சுண்ணாம்புப் படிவு வினிகரில் கரையும், வெறும் உப்பு வெந்நீரிலேயே கரையும். பிறகு வெளிப்பக்கத் துளை வழியாக உள்நோக்கி ஊத வேண்டும். பஞ்சர் கடையில் காற்று பிடித்தால் அழுத்தம் குறைவாக இருக்கட்டும். ஹோஸ் மாட்டியிருக்கும்போது காற்று அடித்தால் எங்கோ ஒரு ஜாயின்ட் கழன்றுவிடும். வினிகரை டேங்கில் ஊற்றி அப்படியே விட்டுவிடுவதும் வேண்டாம். கடைசியில் ஆர்ஓ தண்ணீரால் எல்லாவற்றையும் ஒருமுறை அலசிவிட வேண்டும். இத்தனைக்கும் சரிவராவிட்டால் புது ஜெட் மாட்டலாம். காரில் மாற்றக்கூடிய மலிவான பாகங்களில் இதுவும் ஒன்று.

அப்படியானால் டேங்கில் எதை ஊற்றுவது?

டெல்டாவில் ஓடும் காருக்குக் கேன் தண்ணீர், வீட்டு ஆர்ஓ தண்ணீர், சுத்தமாகப் பிடித்த மழைத் தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் எதுவானாலும் நல்லது. ஏசி தண்ணீரில் உப்பு அநேகமாக இருக்காது, துணியால் வடிகட்டினால் போதும். ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீரைச் சேமித்துக் கார் கழுவும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. சிக்கனம் என்ற வகையில் பாராட்டலாம். ஆனால் அது போர் தண்ணீரைவிட அடர்த்தியான உப்புத் தண்ணீர் என்பதால் வாஷர் டேங்கில் மட்டும் அதை ஊற்றக்கூடாது. வாட்டர் சர்வீஸ் கடையில் ‘டேங்க் ஃபுல் பண்ணிடவா?’ என்று ஹோஸ் பைப்பை நீட்டினால், அது எந்தத் தண்ணீர் என்று கேட்பதில் தப்பில்லை.

பாத்திரம் கழுவும் லிக்விட், ஷாம்பூ வேண்டாம். நுரை கட்டும், காய்ந்து படியும். ரேடியேட்டர் கூலன்ட்டை ஊற்றுவது அதைவிடப் பெரிய தப்பு. உறையாது என்பது உண்மை, ஆனால் கண்ணாடியில் எண்ணெய்போலப் படரும், விஷமும்கூட.

மலைக்குப் போவதானால் உறையாத வாஷர் திரவம் தேவை. ‘எத்தனை டிகிரி வரை உறையாது’ என்று பாட்டிலில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் அந்தப் பாட்டில் வெறும் கிளீனர், நீல நிறத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. உறையாத வகையில் இருப்பது பெரும்பாலும் ஆல்கஹால். ஐந்தில் ஒரு பங்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால், மீதி நல்ல தண்ணீர் என்றால் சுமார் மைனஸ் 7 டிகிரி வரை தாங்கும், ஊட்டிக்கு அது தாராளம். தீப்பிடிக்கும் பொருள் என்பதால், வீட்டில் கலப்பதைவிட லேபிள் உள்ள பாட்டிலை வாங்குவது உத்தமம். ஊற்றின பிறகு லீவரை இழுத்து, ஜெட்டின் வாயில் நிறம் தெரியும் வரை பீய்ச்ச வேண்டும். இல்லாவிட்டால் டேங்கில் புதுத் திரவமும், ஹோஸிலும் ஜெட்டிலும் பழைய தண்ணீருமாக இருக்கும். உறைவது அந்தப் பழைய தண்ணீர்தான்.

கனடாவில் குளிர்காலத்துக்கு விற்கும் திரவங்களில் மைனஸ் 35, மைனஸ் 40 என்றெல்லாம் எழுதியிருக்கும். டொராண்டோ தமிழர்களுக்கு அது பெட்ரோல் பங்கில் பால் பாக்கெட்போல வாங்கும் சாமான். அவற்றில் பலவற்றில் இருப்பது மெத்தனால். ஐரோப்பிய ஒன்றியம் 2019 மே முதல் பொதுமக்களுக்கு விற்கும் வாஷர் திரவத்தில் மெத்தனால் 0.6 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று கட்டுப்படுத்திவிட்டது. மலிவான மதுவாக அதைக் குடித்து இறந்தவர்கள் அங்கேயும் உண்டு. 2023-ல் மரக்காணம், 2024-ல் கள்ளக்குறிச்சி என்று மெத்தனால் கலந்த சாராயத்தில் உயிர்களை இழந்த தமிழ்நாட்டில், இணைய வீடியோவைப் பார்த்து அந்தப் பொருளைத் தேடிப்போவதைப் போல ஆபத்தான வேலை வேறு இல்லை.

வெறும் தண்ணீரை மாதக்கணக்கில் தேக்கி வைப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரிட்டனின் அப்போதைய சுகாதாரப் பாதுகாப்பு முகமை 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஸ்கிரீன்வாஷ் சேர்க்காத கார்களில் ஐந்தில் ஒன்றின் வாஷர் தண்ணீரில் லெஜியோனெல்லா பாக்டீரியாவின் தடயம் இருந்தது. நுரையீரலைத் தாக்கும் கிருமி இது. ஸ்கிரீன்வாஷ் சேர்த்த கார்களில் அது இல்லை. வெதுவெதுப்பான தேங்கிய தண்ணீர் அதற்குப் பிடித்த இடம். பானெட்டுக்குக் கீழே நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

இதையெல்லாம் யாராவது சோதிக்கிறார்களா?

சொந்தக் கார் என்றால், கிட்டத்தட்ட இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் விதி 101, மின்சாரத்தில் நன்றாக இயங்கும் வைப்பர் கட்டாயம் என்கிறது. விதி 100 முன்கண்ணாடி வழியாகக் குறைந்தது 70 சதவீத வெளிச்சம் போக வேண்டும் என்கிறது. கறுப்பு ஃபிலிம் ஒட்டியவர்களை நிறுத்தி அபராதம் போடுவது அதை வைத்துத்தான். உப்பும் சேறும் ஒட்டிய கண்ணாடி எத்தனை சதவீத வெளிச்சத்தை விடுகிறது என்று யாரும் அளப்பதில்லை. புதிய காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும், அதுவரை பாதுகாப்புச் சோதனைக்கு யாரும் அழைப்பதில்லை. டாக்ஸிக்கு எஃப்சி இருக்கிறது. பிரிட்டனில் மூன்று வயதைத் தாண்டிய சொந்தக் கார்களுக்கும் ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி சோதனையில், வாஷரில் தண்ணீர் வருகிறதா என்பதும் ஒரு அம்சம்.

நீலகிரிக்குப் போக 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு அது. 2025 ஏப்ரலில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் வந்தது. எத்தனை வண்டி மேலே போகலாம் என்பதில் காட்டும் இந்த அக்கறை, சமவெளியிலிருந்து ஏறும் வண்டி பனிக்குத் தயாரா என்ற கேள்விக்கு இன்னும் நீளவில்லை. சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்கும் நேரத்தில் ஒருமுறை லீவரை இழுத்துப் பார்க்கச் சொல்லும் பலகைக்குப் பெரிய செலவு ஆகாது.

மேலே போய்ப் பாட்டில் தண்ணீர் வாங்கி ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு தகவல். நீலகிரியில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. வீட்டிலேயே ஒரு எவர்சில்வர் கேனில் ஆர்ஓ தண்ணீர் பிடித்து டிக்கியில் வைத்துக்கொண்டால், குடிக்கவும் ஆகும், டேங்குக்கும் ஆகும்.